அரைப்பேர்

நீலத் திரை வந்துவிட்டால் சசிதரன் கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைப்பார். பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணி கொதித்து, அதை ஊதி ஊதிக் குடித்து முடிக்கும்வரை பெட்டி தன்பாட்டுக்கு நீலமாகவே நிற்கும். மயங்கி விழுந்தவரை உலுக்கி எழுப்பினால் கெடுதல்தான் கூடும். இது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும்.

மலைமேல் கட்டபெட்டுக் கடைத்தெருவில், பூட்டிக் கிடக்கும் தேயிலை ஏஜென்டின் கடைக்கு மேலே ஒற்றை அறை. ஆள் ஒல்லி. ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர். தனியாக இருப்பவர்கள் சாப்பிடுவதைப் போல நின்றுகொண்டே சாப்பிடுவார். தட்டை உடனே கழுவிவிடுவார். பகலெல்லாம் கம்ப்யூட்டரோடுதான் பேச்சு. "நடடா ராசா, நடடா" என்பார், அது மெதுவாகத் திறக்கும்போது.

எஸ்டேட்டுகளுக்குக் கூலிக்கணக்குப் போடும் புரோகிராம் எழுதுவது தொழில். தேயிலை விலை விழுந்ததும் எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. மிஞ்சியது ஒன்றே ஒன்று. மனைவி கோகிலவாணி கொழுந்து பறித்தவர். பறிக்க வேலை இல்லாமல் போகவே, மகள் சரிதாவைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்த ஒரு எஸ்டேட் இருக்கும்வரை தான் மலையைவிட்டு இறங்குவதில்லை என்று இவர் உட்கார்ந்துகொண்டார்.

சிலோன் தேயிலைத் தோட்டங்களில் ஒரு நாள் வேலையைக் குறிப்பதற்குப் 'பேர் போடுவது' என்று சொல்வார்கள். கொழுந்து எடை சரியாக இருந்தால் முழுப்பேர்; குறைந்தால் அரைப்பேர், பாதிக் கூலி. அங்கிருந்து வந்த தாய் சின்னம்மை சாகும்வரை அப்படித்தான் சொன்னார். மகன் அதே சொல்லை இங்கிலீஷ் எழுத்தில் புரோகிராமுக்குள் எழுதிவைத்தார். எஸ்டேட் கிளார்க் நல்லசாமிக்கு அது தீராத வேடிக்கை. "ஏனுங்க சசி, கம்ப்யூட்டருக்குமா சிலோன் பாஷை?"

போன வாரம் எஸ்டேட்டில் கூலிக்கணக்கில் ஒரு மாற்றம் கேட்டார்கள். அதை எழுதிச் சேமிக்கிற நேரம் பார்த்து வோல்டேஜ் இறங்கியது. நீலத் திரை. சாயத்தண்ணி குடித்தாயிற்று. மறுபடி போட்டால், புரோகிராம் எழுதுகிற மென்பொருள் கூலிக்கணக்குப் புரோகிராம் இருந்த பைலைத் திறக்க மறுத்தது. வேறு வழியாகத் திறந்து பார்த்தால் எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டம் கட்டமாக வெறுமை. நகல் எடுத்த பிளாப்பிகளை ஈரம் படாமல் இருக்க அரிசி டப்பாவுக்குள் புதைத்துவைத்திருந்தார். மலை மழைக்கு அரிசி தப்பியது, பிளாப்பி தப்பவில்லை. உள்தகட்டில் வெள்ளையாகப் பூசணம்.

நல்லசாமி வந்து பார்த்தார். வேடிக்கை பேசவில்லை. நாளை சாயங்காலத்துக்குள் மாற்றம் வராவிட்டால் வேலையைக் கோயம்புத்தூர் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாக மேனேஜர் முடிவு செய்துவிட்டாராம்.

எதிர்ச்சாரி டெலிபோன் பூத்திலிருந்து சசிதரன் திருப்பூருக்குப் பேசினார். கோகிலவாணி முழுதும் கேட்டுவிட்டு, "பைல் செத்துருச்சுன்னா நல்லதாப் போச்சுங்க. பஸ் ஏறி வந்துருங்க" என்றார்.

"சாகலை. அரைப்பேரு போட்டிருக்கு. செத்தா வாரேன்."

"அப்ப நான் அது பொழைக்கணும்னா, சாகணும்னாங்க சாமிகிட்ட வேண்டிக்கிறது?"

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது, இவர் போனை வைத்துவிட்டார்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக, கெட்ட பைலையும் அதோடு கிடந்ததையும் அப்படியே இன்னொரு டிஸ்கில் நகல் எடுத்தார். மூலத்தில் கை வைக்கவே இல்லை. கம்ப்யூட்டர் விழுந்து எழும்போது, எந்த பைலைச் சேர்ந்தது என்று தெரியாத துண்டுகளைப் பொறுக்கி எண் போட்டு ஒரு மூலையில் வைக்கும். பெரும்பாலானவர்கள் அதைக் குப்பை என்று அழித்துவிடுவார்கள். சசிதரன் அந்தக் குப்பையில் தேட உட்கார்ந்தார். துண்டுகளோ ஏராளம், எல்லாவற்றிலும் இங்கிலீஷ் வார்த்தைகள். 'பாதி' என்பதற்கு எல்லாரையும் போல இங்கிலீஷில் எழுதியிருந்தால் எல்லாத் துண்டும் 'இதோ நான்' என்றிருக்கும். அவர் அரைப்பேர் என்று தட்டித் தேடினார். ஒரே ஒரு துண்டு அகப்பட்டது. அதற்குள் அவருடைய எழுத்து, வால் மட்டும் அறுந்து. வாலை நினைவிலிருந்து எழுதிச் சேர்த்தார். புது மாற்றத்தையும் எழுதினார். ஜன்னலுக்கு வெளியே மூடுபனி விலகி, கேட்பாரற்று வளர்ந்த தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்குத் தெரிந்தன.

எஸ்டேட்டுக்குக் கொடுக்குமுன் எப்போதும் நாலு பெயரை வைத்து ஓட்டிப்பார்ப்பார். வேலை செய்கிறவர்களின் பெயரைச் சோதனைக்குப் போடமாட்டார், தன் வீட்டு ஆட்களின் பெயர்கள்தான். ஒவ்வொரு பெயராக வரும், முழுப்பேரா அரைப்பேரா என்று திரை கேட்கும். நாலு பேருக்கும் முழுப்பேர் போடுவதே இத்தனை வருஷத்துப் பழக்கம்.

சின்னம்மை வந்தார். முழுப்பேர். கோகிலவாணிக்கு முழுப்பேர். சரிதாவுக்கும் முழுப்பேர். கணக்குப் பிசகாமல் வந்தது.

கடைசியாக அவர் பெயர் வந்து நின்றது. சசிதரன் ஜன்னல் வழியே, கோகிலவாணியோடு பேசிய எதிர்ச்சாரி பூத்தைப் பார்த்தார். பைல் பிழைத்தாயிற்று, திருப்பூர் பஸ் ஏறுவது இனி இல்லை. பிறகு திரும்பி, தன் பெயருக்கு நேரே முதல்முறையாக அரைப்பேர் போட்டார்.