கிடாய்க்குப் போன கஞ்சி

திண்டுக்கல் பேகம்பூரில் ஜெய்தூன் பீவியைப் போல் பத்தியம் பார்த்தவள் யாருமில்லை. தோல் வியாபாரம் செய்த அவள் புருஷன் ஜெகபர் அலிக்கு 1962ஆம் வருஷம் காமாலை வந்து கல்லீரல் வீங்கியது. அன்றே கறி, எண்ணெய், பருப்பு எல்லாம் நின்றன. புழுங்கலரிசிகூட ஆகாதென்று, மில்லில் நன்றாகத் தீட்டிய பச்சரிசி வாங்கினாள். தண்ணீர் தெளியும்வரை களைந்தாள். கஞ்சியை ஒட்ட வடித்து, வெள்ளைச் சோற்றில் சர்க்கரை தூவி ஊட்டினாள். களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கொல்லையில் கட்டியிருந்த கிடாய்க்கு.

"எங்க அண்ணன் எலும்பாக் கெடக்கு. கிடா மட்டும் புதுமாப்பிள்ள கணக்கா மினுங்குது மதினி" என்று குத்தினாள் நாத்தனார் ஷரீஃபா.

"தர்காவுக்கு நேர்ந்தது. அவுக எந்திரிக்கட்டும், அறுத்துக் கந்தூரிச் சோறு போட்டுர்றேன்."

கண்ணின் மஞ்சள் வெளுத்தது. ஆனால் கால் தள்ளாடியது. ஒரு நாள் தண்ணீர் கொண்டுபோனவளை அவர் உற்றுப் பார்த்தார். விழிகள் வெட்டி வெட்டி ஆடின.

"நீ யாரு வீட்டுப் பொம்பள? என் பொஞ்சாதியக் கூப்புடு."

செம்பை எப்படிக் கீழே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மதுரைக்குக் கொண்டுபோய்த் தலையை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் ஞானதாஸ் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"மூளையில என்ன இருக்கு டாக்டர்?"

"இதுல எலும்புதாம்மா தெரியும். மூளையோட கோளாறு தெரியாது. அவரு கண்ணு ஆடுது பாருங்க, அதுலதான் தெரியுது. என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

பெருமையாகவே சொன்னாள். டாக்டர் படத்தைக் கீழே வைத்தார்.

"களைஞ்ச தண்ணி, கஞ்சியெல்லாம்?"

"ஆட்டுக்கு ஊத்திருவேன்."

"மூளைக்கு வேண்டிய வைட்டமின் தவிட்டுலயும் அந்தத் தண்ணியிலயும் போயிருச்சும்மா. கல்லீரல் கெட்டவருக்கு உடம்புல சேமிப்பும் கிடையாது."

ஜெய்தூன் தன் வலது கையைப் பார்த்தாள். ஒவ்வொரு கவளமாக உருட்டி ஊட்டிய கை. அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

வைட்டமின் ஊசி போட்டார்கள். விழியாட்டம் நின்றது. மெல்ல நடந்தார். நினைவு மட்டும் திரும்பவில்லை. மனைவியை "நர்ஸம்மா" என்றே கூப்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சில நாள் கழித்து, கொல்லைக்குப் போனவர் கிடாயின் முதுகைத் தடவிப் பார்த்தார். தோல்காரரின் கை அது, முகம் மலர்ந்தது.

"நல்லாத்தான் வளத்திருக்க, ஜெய்தூன்."

தன் பெயரைக் கேட்டதும் அவள் சிரித்துவிட்டாள். அப்புறம்தான் அவர் சொன்னது முழுதும் காதில் விழுந்தது. கிடாயின் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.