ஓடு பிரித்து எடுத்த படம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் நான் போட்டோக் கடை வைத்திருந்த காலத்தில் என் வாடிக்கைக்காரர்கள் அநேகமாக எல்லாரும் செத்துப்போனவர்கள். பெருமையாகத்தான் சொல்கிறேன். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு நம்பிக்கை. உயிரோடு இருக்கிறவரை ஒருவரும் என் கடைப் பக்கம் எட்டிப்பார்க்க மாட்டார்கள். செத்த பிறகு குறைவதற்கு என்ன இருக்கிறது? உடனே ஆள் அனுப்புவார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவதற்குள் குளிப்பாட்டி, நாற்காலியில் உட்காரவைத்து, நெற்றியில் திருநீறு பூசித் தயாராக வைத்திருப்பார்கள். அருமையான மனிதர்கள். அசைய மாட்டார்கள், தும்ம மாட்டார்கள், "என் மூக்கு இப்படியா இருக்குது?" என்று சண்டைக்கு வர மாட்டார்கள். பதினைந்து வருஷத்தில் ஒரு பிணம்கூட என் வேலையைக் குறை சொன்னதில்லை.

அதனால் நான் பெரிய கைகாரன் என்று எனக்கே ஒரு நினைப்பு. அந்த நினைப்பை இருபது நாள் பிள்ளை ஒன்று துவைத்துப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டது.

யுத்த காலம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பம். மகன் பட்டாளத்தில் இருந்தான். அவனுடைய முதல் பிள்ளையை மூன்றாம் மாதத்திலேயே காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவன் அப்போதுதான் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான். பிறந்ததற்கும் லீவு இல்லை, போனதற்கும் லீவு இல்லை. அந்தப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்து மடியில் கிடத்திப் படம் பிடித்தவன் நான்தான். அவன் தன் பிள்ளையைப் பார்த்தது அந்த ஒரு படத்தில்தான், கண் மூடினபடி.

பிறகு ஒரு தடவை லீவில் வந்துபோனான், இப்போது இரண்டாவது பிள்ளை. 'கப்பல் ஏற்றப்போகிறார்கள் என்று பேச்சு. போவதற்குள் பிள்ளையைப் படத்திலாவது காட்டுங்கள்' என்று அவன் கடுதாசி எழுதியிருந்தான். அதைக் கையில் பிடித்துக்கொண்டு அவனுடைய அப்பா என் கடை வாசலில் வந்து நின்றார். யுத்தத்தில் பிளேட் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிட்டிருந்தது. படம் பதிகிற அந்தக் கண்ணாடிச் சில்லு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். "அதுக்கென்னங்க, ஒண்ணு போதும். நாளைக்கே வாரேன்" என்று சொல்லிவிட்டேன். வாய்க்கு என்ன, அது எப்போதும் எனக்கு முன்னால் நாலு அடி போய்விடும்.

மறுநாள் கரிப்புகையில் ஓடுகிற பஸ்ஸில் ஏறினேன். ஆட்டையாம்பட்டியில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் என் பெட்டியையும் முக்காலியையும் பார்த்தார். என்னையும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"எந்த ஊட்டுலீங்க?"

"சாவு இல்லீங்க. கொழந்தை பொறந்திருக்குது, படம் புடிக்கப் போறேன்."

"எத்தன நாளு ஆச்சுங்க?"

"இருபது நாளு."

"அடக் கடவுளே!" என்று உச்சுக்கொட்டினார். "இருபதே நாளு."

"கொழந்தை நல்லா இருக்குதுங்க."

"இருக்கும் இருக்கும். போற சாமி எல்லாம் நல்லாத்தானுங்க இருக்கும்."

நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருக்குத் துக்கம் ஏறிக்கொண்டே போயிற்று. இறங்கும்போது எந்த ஊர், யார் வீடு என்று பதனமாகக் கேட்டுக்கொண்டார். நானும் மடையன்போல விலாவாரியாகச் சொன்னேன்.

வீட்டுக்குப் போனதும் முதல் இடி. பிள்ளை முப்பது நாள் கழியாமல் வெயில் பார்க்கக் கூடாது, வாசப்படி தாண்டக் கூடாது என்று பட்டாளத்துப் பையனின் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அறைக்கு உள்ளே போகக் கூடாது. நிலைப்படிக்கு வெளியே நின்று எடுக்க வேண்டும். அறையோ பருத்தி போட்டுவைக்கிற இருட்டறை. அதற்குள் பிள்ளை இருப்பதே அழுகையால்தான் தெரியும்.

இரண்டாவது இடியைப் பிள்ளையைப் பெற்ற பெண் போட்டாள். கட்டிலில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்திருந்தவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். போன தடவையும் இதே முகம்தான், இதே மடிதான்.

"ஏனுங்க, ஒண்ணே ஒண்ணு. கண்ணு தெறந்திருக்கோணும்."

"யாருக்கு அம்மிணி?"

"பிள்ளைக்குங்க. கண்ணு மூடியிருந்தா தூங்குதுன்னு அவரு நெனைக்க மாட்டாரு. இதும் போயிருச்சுன்னே நெனச்சுக்குவாரு. அங்க ஆறுதல் சொல்ல யாருங்க இருக்கறாங்க?"

"அதுக்கென்ன அம்மிணி, தெறந்துட்டாப் போச்சு" என்றேன். என் வாய், சொன்னேனே.

சொன்ன பிறகுதான் யோசித்தேன். பதினைந்து வருஷத்தில் கண் திறந்த ஆளை நான் எடுத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைதான். இருட்டறையில் பெட்டியின் லென்ஸ் மூடியைக் கழற்றினால் நாலு எண்ணுகிற வரை ஆள் அசையக் கூடாது. இந்தப் பிள்ளை தூங்கினால் அசையாது, ஆனால் கண் மூடியிருக்கும். விழித்தால் கண் திறந்திருக்கும், ஆனால் கையும் காலும் பம்பரம். இருப்பது ஒரு பிளேட். எனக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. அதைப் பார்த்துப் பையனின் அம்மா, "போட்டாக்காரருக்கு ஒடம்பு சொகமில்லீங்களா? மோர் கொண்டாரட்டுங்களா?" என்றார். குடித்தேன். மோருக்கும் பிளேட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பதைத் தவிர வேறொன்றும் தெளியவில்லை.

முதலில் வெளிச்சம். "மேல நாலு ஓட்டைப் பிரிச்சா வெயில் எறங்குமுங்க" என்றேன். என் கடைக்கு வந்திருந்த அவளுடைய மாமனார் கேட்டதுதான் தாமதம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணி வைத்துக் கூரைமேல் ஏறிவிட்டார். நாலு ஓடு என்றேன். பேரப்பிள்ளை படம் என்கிற உற்சாகத்தில் ஒரு பாய் விரிக்கிற அளவுக்குப் பிரித்துவிட்டார். வெயில் ஒரு தூணாகக் கட்டிலருகே வந்து நின்றது. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. பாதத்தைச் சுரண்டினார்கள்; காலை இழுத்துக்கொண்டு தூங்கியது. ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார்கள். விழித்து ஒரே வீறல். முகம் சுண்டவைத்த கத்தரிக்காய்போல ஆகிவிட்டது. பால் கொடுத்தாள், மறுபடியும் தூங்கிவிட்டது. நான் நிலைப்படிக்கு வெளியே நின்று கை தட்டினேன், கிளிபோலக் கத்தினேன், நாய்போலக் குரைத்தேன். தெருநாய் ஒன்று பதில் சொல்லியது; பிள்ளை சொல்லவில்லை.

அப்போது தானாகவே கண்ணைத் திறந்தது. "ஆடாதீங்க!" என்று கத்திவிட்டு மூடியைக் கழற்றி, ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணினேன். மூன்றில் பிள்ளை தும்மியது. போச்சு! ஒரே பிளேட், அதில் ஒரு தும்மல். முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகுதான் பார்த்தேன், பிளேட்டை மறைத்திருக்கிற தகட்டை நான் இழுக்கவே இல்லை. வெளிச்சம் உள்ளேயே போகவில்லை. என் ஆயுளில் நான் செய்த முட்டாள்தனங்களில் எனக்கு உபகாரம் செய்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொல்லாமல், "இது சும்மா ஒத்திகைங்க" என்றேன்.

இதற்குள் வெளியே என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்தில் கெட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் பிணத்தை வாசல் வழியாகக் கொண்டுபோக மாட்டார்கள். கூரையைப் பிரித்து மேலாக எடுப்பார்கள். பிணத்தைப் படம் பிடிக்கிறவன் பெட்டியோடு அந்த வீட்டுக்குள் போனதைத் தெரு பார்த்திருக்கிறது. பஸ்ஸில் வந்த மகராசன் வேறு சேதி சொல்லியிருக்கிறார். அப்புறம் அந்த வீட்டுக்காரரே கூரைமேல் உட்கார்ந்து ஓடு பிரிக்கிறார். இதற்கு மேல் ஊருக்கு என்ன சாட்சி வேண்டும்?

நான் தகட்டை இழுத்துவிட்டு, இந்தத் தடவை இழுத்தேனா என்று மூன்று முறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, மூடியில் கை வைத்தேன். அந்த நேரத்தில் கொல்லைப்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்துத் தெருப் பெரியம்மா, பையனுடைய அப்பாவின் அண்ணி, தலைவிரிகோலமாக அறைக்குள் வந்து விழுந்தார். பின்னால் ஏழெட்டுப் பெண்கள்.

"என்ற சாமீ! கண்ணத் தொறந்து பாக்காமயே போயிட்டியாடா சாமீ!"

எல்லாரும் ஒரே குரலில் எடுத்தார்கள். நல்ல சாரீரம். பிள்ளையின் கை நின்றது, கால் நின்றது. கண் இரண்டும் முழுசாகத் திறந்தன. பிறந்ததிலிருந்து இப்படி ஒரு சங்கதியை அது கேட்டதில்லை. வாயைச் சற்றே பிளந்தபடி நேராக என் பெட்டியைப் பார்த்தது. நான் மூடியைக் கழற்றினேன். ஒண்ணு. ரெண்டு. ஒப்பாரி உச்சத்துக்குப் போயிற்று. மூணு. நாலு. மூடினேன்.

"அட யாருடீ செத்தது? உங்கூட்டு எழவ உங்கூட்டுல வெச்சு அழுவுங்க!" என்று பையனின் அம்மா துடைப்பத்தோடு வந்தார். பெரியம்மா அழுகையைப் பாதியில் விழுங்கி, பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை அவரைப் பார்த்தது. "உசுரோட இருக்குதா?" என்றார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. கூரை ஓட்டைக்குள் தலையை விட்டு மாமனார், "இன்னும் ரெண்டு ஓடு பிரிக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

கடையில் வந்து கழுவிப் பார்த்தேன். பிள்ளை கல்லில் செதுக்கினதுபோல விழுந்திருந்தது. கண் இரண்டும் இரண்டு மிளகு. மூலையில் மட்டும், தாயின் தோளுக்குப் பின்னால், பெரியம்மா தலையில் இரண்டு கையையும் வைத்து வாயைத் திறந்தபடி நின்றிருந்தார். வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். பெற்றவன் பிள்ளையைப் பார்ப்பானா, மூலையைப் பார்ப்பானா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அப்படியே கொடுத்தனுப்பினேன். சோம்பேறிக்கு எப்போதும் நல்ல காரணம் கிடைக்கும்.

நாலு மாதம் கழித்து மாமனார் மறுபடியும் என் கடை வாசலில். கையில் கடுதாசி. படிக்கச் சொன்னார். மகன் எழுதியிருந்தான்: 'படம் கிடைத்தது. பிள்ளை கண் திறந்திருக்கிறது. எத்தனை தடவை பார்த்தேன் என்று எண்ணவில்லை. ஆனால் பின்னால் பெரியம்மா தலையில் கை வைத்து அழுகிறார்கள். நம் உள்ளறையில் அவ்வளவு வெளிச்சம் எப்படி வந்தது? கூரையைப் பிரித்திருக்கிறீர்கள். அப்பா படத்தில் இல்லை. மறைக்க வேண்டாம். அப்பா எப்போது போனார்?'

படித்து முடித்தேன். அவர் நிதானமாகத் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"செத்தவனே நேர்ல வந்து நிக்கறனுங்க. இருக்கறேன்னு ஒரு படம் புடிச்சு அனுப்பிப் போடுங்க."

கடன் வாங்கி ஒரு பிளேட் கொண்டுபோனேன். இந்தத் தடவை முற்றத்தில், நல்ல வெயிலில், குடும்பத்தோடு. மருமகள் மடியில் பிள்ளை, பக்கத்தில் மாமியார், நடுவில் நாற்காலியில் மாமனார். பெரியம்மாவையும் கூப்பிட்டு நிறுத்தி, "சிரிக்காட்டியும் பரவால்லீங்க, கையைக் கீழே போடுங்க" என்றேன். "எல்லாருக்கும் கண்ணு தெறந்திருக்கோணும்" என்று அந்தப் பெண் எல்லாருக்கும் சொல்லிவைத்திருந்தாள். மூடியைக் கழற்றினபோது அத்தனை பேரும் திருடனைக் கண்டதுபோல விழித்தார்கள். பிள்ளைகூட.

கழுவினேன். எல்லாக் கண்ணும் திறந்திருந்தது, மாமனாருடையதைத் தவிர. மனுஷன் சரியாக அந்த நேரத்தில் கண்ணை மூடியிருந்தார். நானும் பழக்கதோஷத்தில், முதுகை நிமிர்த்தி, கை இரண்டையும் தொடைமேல் வைத்து, தலையைப் பின்னால் சாய்த்து உட்காரவைத்திருக்கிறேன். என் கடைச் சுவரில் தொங்குகிற செத்தவர்கள் எல்லாரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு மாலைதான் குறை.

கடைக்குள் பத்து தடவை நடந்தேன். இன்னொரு பிளேட் ஊரிலேயே இல்லை. கடைசியில் மெல்லிய தூரிகையும் கறுப்பு மையும் எடுத்து, அந்தப் படத்தில் அவருக்கு இரண்டு கண் வரைந்தேன். ஒன்று கொஞ்சம் பெரிதாகிவிட்டது. அதைச் சரிக்கட்ட மற்றதையும் பெரிதாக்கினேன்.

படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் வெகுநேரம் பார்த்தார். "இது நானுங்களா?"

"சாட்சாத் நீங்கதானுங்க."

மாமியார் வாங்கிப் பார்த்தார். "இந்த மனுசன் கூட இத்தன வருசமாக் குடும்பம் பண்றேன். ஒரு நாளாச்சும் என்னைய இப்படிக் கண்ணத் தொறந்து பாத்திருக்கறாரா?"

மருமகள்தான் சிரிக்கவில்லை. வெளிச்சத்தில் பிடித்து, மாமனார் முகத்தையும் படத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். என் திருட்டு அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நம்புவாருங்களா?" என்றாள் மெதுவாக.

"தெரியல அம்மிணி" என்றேன். அன்றைக்குத்தான் என் வாய் முதல்முதலாக உண்மையைச் சொன்னது.

அவள் அனுப்பிவிட்டாள். பதில் வர வெகுநாள் ஆயிற்று. அதையும் மாமனார் என்னிடம்தான் கொண்டுவந்தார். பிரித்தேன். நாலே வரி: 'எல்லாரையும் பார்த்தேன். பிள்ளை வளர்ந்துவிட்டது. அப்பா ஏன் இப்படிக் கண்ணை உருட்டிப் பயந்துபோய் இருக்கிறார்? நான் நன்றாக இருக்கிறேன், அவரைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.'

"நானாவது, பயப்படறதாவது" என்றார் அவர். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "போறான் விடுங்க." பிறகு பெஞ்சில் உட்கார்ந்து, "அந்தக் கடைசி வரிய இன்னொருக்கா படிங்க" என்றார்.

படித்தேன். இன்னொரு தடவை என்றார். அதையும் படித்தேன்.