அது குளம் இல்லை, எங்கள் வயல்

அன்றைக்குக் கூலிக்கு நாற்று நட்டுக்கொண்டிருந்தேன். சீவலப்பேரி டவுன் பஸ் கண்டக்டர் வண்டியை வயலோரம் நிறுத்தச் சொல்லி, படியில் நின்றபடியே, "ஏ பேச்சியக்கா, ஒடனே பாளையங்கோட்டைக்கு வரணுமாம். ஒங்க அண்ணாச்சி போயிட்டாகளாம்" என்றார். கையிலிருந்த நாற்றை அப்படியே போட்டுவிட்டு, சேறு கழுவாத காலோடு அதே பஸ்ஸில் ஏறினேன்.

எங்கள் அண்ணன் சண்முகவேல் அவர்கள் பாளையங்கோட்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். கல்யாணப் படங்களைக் கலரில் எடுப்பார்கள், அது பிழைப்புக்கு. மனசெல்லாம் கறுப்பு வெள்ளையில்தான். ஆறு, பாறை, பனை, மேகம், இவைதான் அதில் இருக்கும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். "பச்சைய எல்லாம் கரியாக்கிட்டு என்னத்தப் பாக்கச் சொல்லுதிய?" என்று கேட்பேன்.

"கலரு இருந்தா கண்ணு அதுலயே நின்னுரும் ஏளா. அது இல்லன்னா வெளிச்சம் தெரியும், இருட்டு தெரியும். பாக்கவனுக்கு மனசே மாறிரும்" என்பார்கள்.

ஒரு தடவை களக்காட்டு மலைப் படத்தைக் காட்டினார்கள். வானம் கன்னங்கரேலென்று இருந்தது. பெருமழை வரப்போகிறதென்றே நினைத்தேன். "சுட்டெரிச்ச வெயில்ல எடுத்தது. லென்ஸுக்கு முன்னால செவப்புக் கண்ணாடி போட்டேன், நீல வானம் கறுத்துட்டு, அவ்வளவுதான்" என்று சிரித்தார்கள்.

பிறகு ஒரு வருஷம் ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கதிர் முற்றுகிற நேரத்தில் எங்கள் குத்தகை வயல் மூழ்கியது. நிவாரண மனுவோடு படமும் வைத்தால் நல்லது என்று ஊரில் சொன்னார்கள். அண்ணன் வந்தார்கள். நான் இடுப்பளவு தண்ணீரில், அழுகின கதிரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏளா, அங்கன தள்ளிப் போ. ஆளு நின்னா கண்ணு ஆள்ட்டயே போயிரும்."

"வயலு போச்சுன்னு காட்டத்தான நிக்கேன்!"

"வெள்ளத்தப் பாத்தாலே தெரியுமில்லா? செத்த பொறு, மேகம் வெலகட்டும்."

வெளிச்சத்துக்காக ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள்.

ஆபீசில் அதிகாரி படத்தை வாங்கிப் பார்த்து, "அடடா, எந்தக் குளம்? ரொம்ப அழகா இருக்கே" என்றார்.

"குளமில்லய்யா, எங்க நெல்லு."

"நெல்லு எங்கம்மா இருக்கு?"

எனக்குக் காட்டத் தெரியவில்லை. சின்னப் படம், வெள்ளியாய் மினுங்கும் தண்ணீர்தான் தெரிந்தது. மனு திரும்பி வந்தது. அண்ணன் பதறிப்போய் மறுபடி எடுக்க ஓடிவந்தார்கள். அதற்குள் தண்ணீர் வடிந்து, கதிரும் மட்கி வெறும் சேறு கிடந்தது. இந்தத் தடவை என்னை நடுவிலேயே நிறுத்தி எடுத்தார்கள். அதைப் பார்த்த அதிகாரி, "நல்லா உழுது போட்டிருக்கீங்களே, நடவு எப்போ?" என்றார். நிவாரணம் கிடைக்கவில்லை, குத்தகையும் கைவிட்டுப் போனது. அதிலிருந்து கூலி வேலைதான்.

இரண்டு வருஷம் அண்ணனோடு நான் பேசவில்லை. ஒரு நாள் அவர்களே வந்து வாசலில் நின்றார்கள். "நான் நல்லாத்தான் எடுத்தேன் பேச்சி. அதான் தப்பாப் போச்சு."

"சோறு தின்னுட்டுப் போங்க" என்றேன்.

பதினாறாம் நாள் கூட்டத்தில், அண்ணன் ஒருநாளும் சுவரில் மாட்டாத அந்த வெள்ளப் படத்தைத்தான் அவர்களுடைய நண்பர்கள் ஆளுயரத்துக்குப் பெரிசாக்கி மாலை போட்டு வைத்திருந்தார்கள். ஒரு கல்லூரி வாத்தியார், "இதைப் பார்த்தாலே மனசு அமைதியாகுது" என்று பேசினார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்துவிட்டேன்.

"அய்யா, அது எங்க வயலு. உள்ள நெல்லு அழுகிக் கெடக்கு."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனார். "இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம்..."

"கதிரு நுனி."

ஒவ்வொருவராக எழுந்து வந்து குனிந்து பார்த்தார்கள். நிமிர்ந்தபோது அவர்கள் முகம் வேறாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை அன்றைக்கு அந்த ஆபீசில் பார்த்திருந்தால் போதும் எனக்கு.

அண்ணே, ஒங்க மேல எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறாத கோபத்தோடேதான் கும்பிடுகிறேன். போயிட்டு வாங்க.