கிறுக்கியும் செருப்புப் பெட்டிகளும்

"எழுத்துன்னு ஒண்ணு இருந்தா போதும், ஒரே கோட்டுல படமாக்கிடுவேன். என் கோட்டுக்குத் தப்பின எழுத்து இன்னும் பொறக்கலை!"

இந்தப் பிரகடனம் வெளியானபோது அம்மையாருக்கு வயது பதினொன்று. இடம், அண்ணனின் செருப்புக்கடை. அவையில் இருந்தவர் அண்ணன் ஒருவரே. அவரும் யாருடைய குதிகாலையோ பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டிருந்ததால் கைதட்ட முடியவில்லை.

வெறும் வாய்ச்சவடால் என்று தள்ளிவிடக் கூடாது. பள்ளி விட்டதும் வந்துவிடுவாள். பசையும் புதுத்தோலும் மணக்கும் மூலையில் உட்கார்ந்து, பெட்டி மூடிகளில் அண்ணன் நீலப் பென்சிலால் எழுதியதையெல்லாம் ஒரு கை பார்ப்பாள். ஏழு கொக்கானது. எட்டு தொப்பை வைத்த அதிகாரியானது. 'கறுப்பு' என்பதிலிருந்த 'று' வால் முளைத்து எலியானது. விளைவு, எட்டாம் நம்பர் ஆசாமி ஒருவர் ஏழாம் நம்பர் செருப்போடு வீடு போய், மறுநாள் நொண்டிக்கொண்டே சண்டைக்கு வந்தார்.

"கிறுக்கி! கடையை மூட வச்சுட்டுத்தான் ஓய்வே போலிருக்கு!"

"மூடினா மூடியெல்லாம் எனக்குத்தானே அண்ணே?"

கிறுக்குகிறவள் கிறுக்கி, பட்டம் ஒட்டிக்கொண்டது. வளர்ந்ததும் உலகம் அதைத் திருத்தி 'ஓவியர்' என்றது. மருந்து அட்டை, சிமெண்ட் பை, கிழிந்த சுவரொட்டி என்று எழுத்திருந்த எதையும் தெருவிலிருந்து பொறுக்கி வந்து கோடு போட்டாள். கண்காட்சிக்காரர்கள் அதைக் 'கண்டெடுத்த பொருள்' என்றார்கள். அண்ணனின் அகராதியில் அது குப்பை.

ஐம்பது வயதில், பல வருஷம் தவம் கிடந்த பெரிய கண்காட்சிக் கூடத்தின் நடுச்சுவர் அவளுக்கு வாய்த்தது. மறுநாள் சாயங்காலத்துக்குள் படம் வராவிட்டால் சுவர் வேறொருவருக்கு. அந்த நேரம் பார்த்து, முழங்கால் மக்கர் செய்ததால் அண்ணன் கடையை நிஜமாகவே மூடிக்கொண்டிருந்தார். சுவருக்கேற்ற பெரிய அட்டை கிடைக்குமென்று ஓடினாள்.

கடையைக் காலி செய்ய வந்திருந்த பழைய பேப்பர்காரர் பரணிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே கசங்காத மூடிகள், வருஷக்கணக்கில் சேர்த்தவை. வெளியே நீலப் பென்சிலில்: 'கிறுக்கிக்கு. வேற யாரும் தொடாதீங்க.'

"அண்ணே, இது...?"

"நீதான் பெரிய ஆளாயிட்டியே. வந்தா குடுக்கலாம்னு போட்டு வச்சேன். எடுத்துட்டுப் போ, இடத்தை அடைக்குது."

வீட்டில் பெட்டியைப் பிரித்து, அண்ணன் எழுதியிருந்த அட்டையை மேஜைமேல் விரித்து, கரிக்குச்சியை எடுத்தாள். 'கி'யின் தலைச்சுழியை ஒரு இழு இழுத்தால் பூனை. ஆயிரம் தடவை போட்ட பூனை. குச்சி எழுத்துக்கு மேலேயே நின்றது. மறுநாள் மதியமும் அங்கேதான் நின்றது.

கூடத்திலிருந்து போன். "மேடம், படம் ரெடியா?"

"இல்லைங்க. சுவரை வேற யாருக்காவது குடுத்துடுங்க."

நடுச்சுவரில் வேறொருவரின் குதிரை ஏறிக்கொண்டது.

அடுத்த வாரம் அண்ணன் அவள் அறைக்கு வந்தார். சுவரில் சாய்ந்திருந்த அட்டையை, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"எங்கடி படம்?"

"உன் கையெழுத்து அவ்வளவு கோணல் அண்ணே. கோடு போட இடமே இல்ல."