தூண்டில்காரருக்குத் துணை

ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டு மணிவரை தூங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வயிற்றெரிச்சல். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. வாரம் ஆறு நாளும் வருகைப் பதிவேடு, மாற்றுச் சான்றிதழ், கையெழுத்துக்கு அலையும் பெற்றோர். ஏழாவது நாள் யார் கதவைத் தட்டினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். அந்தச் சட்டத்துக்கு உலை வைத்தது என் வீட்டுக்காரரின் இருதயம்.

அவர் அரசுப் பேருந்து ஓட்டுநர். மார்வலி வந்து, புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்த பிறகு டிப்போவில் உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். மனிதருக்குப் புகை கிடையாது, சீட்டு கிடையாது. இருந்த ஒரே பைத்தியம் தூண்டில். ஞாயிறானால் வண்டியை எடுத்துக்கொண்டு வீடூர் அணைக்குப் போய்விடுவார். டாக்டர் அதிலும் கை வைத்தார். வண்டி ஓட்டக் கூடாது, தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகவே கூடாது, கூட ஆள் இருந்தால் போகலாம் என்றார். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகி செஞ்சிப் பக்கம் போய்விட்டாள். ஆக, அந்தக் கூட ஆள் நான்தான் என்று வீட்டில் இருந்த இரண்டு பேருக்குமே தெரியும். நான் தெரியாததுபோல் இருந்தேன்.

அவரும் கேட்கவில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் மீன் பிடிக்கும் படங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். எந்த நாடோ, ஆற்றுத் தண்ணீர் வந்து சேரும் ஒரு பெரிய அணை, எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாத அகலம், முழுக்க உறைந்து கிடக்கிறது. அதன்மேல் காரை ஓட்டிக்கொண்டு போகிறார்கள். நம் ஊரில் போர் போடுவதுபோலப் பனிக்கட்டியில் துளை போட்டு, ஒரு முழக் குச்சியில் தூண்டில் நரம்பைக் கட்டி உள்ளே விடுகிறார்கள். கோலிக்குண்டுக் கண் வைத்த ஒரு மீன் வந்தது. அடுத்து, கறுப்புப் புள்ளி போட்ட தட்டை மீன் ஒன்று. துளைக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலி போட்டு ஒரு வயதான புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தம்மா எவ்ளோ அமைதியா உக்காந்துக்கினு இருக்குது பாரு" என்றார்.

"அந்தக் குளிர்ல வாய் ஒறைஞ்சி போயிருக்கும்" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தார். மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பில் நான் கவிழ்ந்தேன். அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கு அலாரம் வைத்தேன்.

என் ஸ்கூட்டியை நான் ஓட்ட, அவர் பின்னால். தூண்டில் ராடைக் கொடிக்கம்பம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வருவார். லாரி எதிரே வந்தால் அவர் வலது கால் தானாகக் காற்றில் பிரேக் போடும். "ஜல்தி பண்ணாத, வளைவு வருது" என்பார். "நீங்க ஓட்டல, நான் ஓட்டறேன்" என்பேன். கூட்டேரிப்பட்டு டீக்கடையில் இறங்கினால் அத்தனை பேரும் எங்களையே பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று நான் இன்னொரு டீ சொல்லுவேன்.

கரையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். பேசக் கூடாது, பேசினால் மீன் ஓடிவிடும். எனக்கும் ஒரு சட்டம்: நான் பேசுவேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வண்டியைத் திருப்பிவிடுவேன். யார் சட்டம் நின்றது என்று சொல்லத் தேவையில்லை. முதல் இரண்டு வாரம் கொசுவையும் வெயிலையும் திட்டினேன். மூன்றாவது வாரம் திட்டுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் அவரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், இத்தனை வருஷக் குடித்தனத்தில் நாங்கள் பேசிக்கொண்டது மிகவும் குறைவு. அவர் வரும் நேரம் எனக்குத் தூக்கம், நான் கிளம்பும் நேரம் அவருக்குத் தூக்கம். கரண்டு பில் கட்டியாயிற்றா, குழம்பு இருக்கிறதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அணைக்கரையில் வேறு வழியில்லை. மயிலிறகுத் தண்டில் செய்த மிதவை தண்ணீரில் நிற்கும். அவர் அதையே பார்த்துக்கொண்டு பேசுவார். என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் அவருக்குப் பேச்சு சுலபமாக வந்தது என்று நினைக்கிறேன். விழுப்புரம் போகும் வழியில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டு, பயணிகளோடு பேருந்தை ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஓட்டிக்கொண்டு போன கதையை அங்கேதான் சொன்னார். பெண் குழந்தையாம்.

"இத ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நான் வரும்போது நீ தூங்கிக்கினு இருந்த."

மண்புழுவை நான் தொட மாட்டேன். ஆனால் இரைக்குக் கேப்பை மாவைப் பதமாகப் பிசைந்து உருட்டித் தரக் கற்றுக்கொண்டேன். ஜிலேபி மீன் வரும், கெண்டை வரும், சில நாள் ஒன்றும் வராது. மழைக்காலம் முடிந்து அணை நிரம்பிக் கிடந்த அந்த மார்கழியில், பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமை மத்தியானமே என் மனசு கரைக்குப் போய்விட்டது. அதை அவரிடம் ஒத்துக்கொள்வேனா? காலையில் எழுந்ததும் "பேஜாரு புடிச்ச பொழப்பு" என்று ஒரு பாட்டம் புலம்பிவிட்டுத்தான் கிளம்புவேன்.

பொங்கல் கழிந்து மருத்துவப் பரிசோதனைக்குப் போனோம். அவர் வெளியே ரத்த அழுத்தம் பார்க்கும் வரிசையில் இருந்தார். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு என்னிடம், "எல்லாம் நன்றாக இருக்கிறது. இனிமேல் வண்டி ஓட்டலாம், எங்கே வேண்டுமானாலும் தனியாகப் போகலாம்" என்றார். வெளியே வந்ததும் அவர் கேட்டார்.

"இன்னா சொன்னாரு?"

"மாத்திரைய நிறுத்தக் கூடாதாம்" என்றேன்.

பொய் இல்லை, அதையும் சொல்லியிருந்தார். மீதியை நான் விழுங்கிவிட்டேன். சொன்னால் அவர் தனியாகப் போய்விடுவார், என் ஞாயிற்றுக்கிழமை பழையபடி வெறும் தூக்கமாகிவிடும் என்று பயந்தேன். இவ்வளவு கேவலமாக ஒரு காரியம் செய்வேன் என்று நானே நினைத்ததில்லை.

இரண்டு ஞாயிறு அப்படியே ஓடியது. மூன்றாவது ஞாயிறு நெடுஞ்சாலையில் அவருடைய டிப்போ பேருந்து ஒன்று எங்களை ஒட்டி வந்தது. ஓட்டுநர் ஆரன் அடித்து, தலையை நீட்டி, "இன்னாண்ணே, டிரைவரு மாறிட்டாரா?" என்று கத்தினார். இவரும் சிரித்துக் கையாட்டினார். அதற்குப் பிறகு அணை வரும்வரை, பின்னால் பிரேக் போடும் கால் அசையவே இல்லை. எத்தனையோ ஆயிரம் பேரை ஏற்றிக்கொண்டு போன மனிதரை, என் ஆசைக்காகப் பின்னால் உட்கார வைத்திருக்கிறேன்.

கரையில் உட்கார்ந்ததும் கொட்டிவிட்டேன். "டாக்டர் அன்னைக்கே சொல்லிட்டாருங்க. நீங்க வண்டி ஓட்டலாம். தனியா வரலாம். நான்தான் சொல்லல."

ஏன் சொல்லவில்லை என்று கேட்பார், திட்டுவார், அந்தச் சாக்கில் உண்மையையும் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவர் மிதவையைப் பார்த்தபடியே இருந்தார்.

"எனக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்ட போல. பாவம், எனக்காக நீயும் எவ்ளோ நாளுதான் கஷ்டப்படுவ" என்றார். "வர்ற ஞாயித்துக்கெழம நீ தூங்கு."

நல்ல மனசோடுதான் சொன்னார். நான் புலம்பிய புலம்பலுக்கு வேறு என்ன சொல்வார்? "நல்லதாப் போச்சு" என்றேன். வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சலில்லை எனக்கு.

அந்த ஞாயிறு அவர் சத்தம் போடாமல் கிளம்பினார். ஸ்கூட்டி தெருமுனை திரும்பும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். தூக்கம் வரவில்லை. ஆறு மணிக்கு எழுந்து, துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். இப்போது மிதவை போட்டிருப்பார், இப்போது டீ குடித்திருப்பார் என்று ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டு சட்டினி அரைத்தேன். மிக்சியில் தேங்காய் போடவே மறந்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம். "ஏ, ஜல்தி வா இங்க!" என்று கத்தினார். பதறிப்போய் ஓடினேன். வண்டியின் கால் வைக்கும் இடத்தில் மூடியில்லாத ஒரு பெயின்ட் வாளி. அவர் பேன்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது. வாளிக்குள் பாதித் தண்ணீரில், என் முழங்கை நீளத்துக்கு ஒரு விரால், உயிரோடு.

"அணைக்குப் பக்கத்துல ஒரு வீட்ல கேட்டு வாளி வாங்கினேன். மெதுவா ஓட்டிக்கினு வந்தேன், எல்லாரும் ஆரன் அடிச்சிக்கினே போறான்."

"அங்கியே கொன்னு பையில போட்டுக்கினு வரதுதானே? இந்த ஈரத்தோட இவ்ளோ தூரமா?"

"இது எப்பிடி இழுத்துச்சி தெரியுமா? கரைக்குக் கொண்டாந்துட்டு, பாருன்னு திரும்பறேன். நீ இல்ல." வாளியைப் பார்த்தே பேசினார். "யாருகிட்ட காட்றது? அதான், நீ பாக்கணுமேன்னு உசுரோட கொண்டாந்தேன்."

விரால் ஒரு முறை வாலை அடித்தது. தண்ணீர் என் முகத்தில் தெறித்தது நல்லதாகப் போயிற்று, கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்தது. ஆனால் இதையும் விழுங்கினால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"பயந்துக்கினு மறைக்கலங்க நான். உங்ககூட வர்றது போயிடுமேன்னு மறைச்சேன்" என்றேன். "வர்ற ஞாயித்துக்கெழம நானும் வர்றேன். வண்டிய நீங்க ஓட்டுங்க."