அண்ணனுக்கு ஒரு படம்

அண்ணனின் படங்களை எரித்தவன் நான்தான். அப்பா சொன்னார், நான் செய்தேன். பழியில் பாதியை அவர் மேல் தள்ளப் பார்க்கிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், அது சரிதான்.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. எங்கள் தோட்டம் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, பாதி தேயிலை, பாதி ரப்பர். அண்ணன் கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தான். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி வருவான். அப்படி வரவேண்டிய ஒரு சனிக்கிழமை, எங்கள் பக்கம் வரும் பஸ்ஸில் குண்டு வெடித்ததாக ரேடியோ சொன்னது. சாயங்காலமாகியும் அவன் வரவில்லை.

வேறு வீடாக இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நாங்கள் கதவைச் சாத்தினோம். குண்டு வெடித்த நாளில் காணாமல்போன தமிழ்ப் பையனைப் பொலிஸ் எப்படிப் பார்க்கும் என்பது தோட்டத்து லயன் வீடுகளில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பயந்துபோய் எங்கேயாவது பதுங்கியிருப்பான் என்றே நம்பினோம்.

"போட்டோவ வச்சு ஊரூராத் தேடுவாங்கடா. எல்லாத்தையும் அடுப்புல போடு" என்றார் அப்பா. பள்ளிக்கூடத்தில் எடுத்தது, திருவிழாவில் எடுத்தது, அடையாள அட்டைக்கு எடுத்ததில் மிஞ்சியது. ஒன்று விடாமல் போட்டேன். அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் நாள் கடை முதலாளி தோட்டத்து ஆபீசுக்குப் போன் செய்தார். இடுப்பு பெல்ட்டைப் பார்த்து அவர்தான் அடையாளம் சொல்லியிருந்தார். பெட்டி ஆணியடித்து வந்தது. திறக்க விடவில்லை.

அதே பஸ்ஸில், கீழே சந்தியைச் சேர்ந்த ஐந்து சிங்களவர்களும் செத்திருந்தார்கள். வருடம் திரும்பியபோது அரசமரத்தடியில் எல்லாருக்கும் படம் வைத்து, புத்த பிக்குகளை அழைத்துப் பிரித் ஓத ஏற்பாடாயிற்று. பன்சலை ஹாமுதுரு, அதாவது விகாரையின் பெரிய பிக்கு, நல்ல மனிதர். அண்ணனையும் சேர்க்கவேண்டும் என்று பிடிவாதமாக நின்று, படம் கேட்டு ஆளனுப்பினார். இல்லை என்றதும் வந்தவர் முகம் மாறியது. ஊரில் ஏற்கெனவே ஒரு மாதிரி பேசுகிறார்கள் என்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். என்ன பேச்சு என்று எங்களுக்குத் தெரியும். குண்டைக் கொண்டுவந்தவனே அண்ணன்தானாம். கடைக்குப் போனால் சாமானைக் கையில் தராமல் மேசையில் வைத்தார்கள். ஐந்து முகங்களுக்குப் பக்கத்தில் ஒரு வெறும் பெயர் தொங்கினால், அந்தக் கதையே உறுதியாகிவிடும்.

அப்பா என்னையே பார்த்தார். "இவன் அவன அச்சடிச்ச மாதிரிதானே இருக்கான்."

"வாயக் கழுவுங்க!" அம்மா கொழுந்துக் கூடையை வீசியெறிந்தாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு மாலை போடச் சொல்றீங்களா? ஒண்ணு போனது போதாதா ஒங்களுக்கு?"

எனக்கு இருவர் மேலும் கோபம். என் மேல் அதைவிட அதிகம். மறுநாள் அண்ணனின் நீலச் சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு கேகாலைக்குப் போனேன். ஸ்டூடியோவில் அவனைப் போலவே வகிடெடுத்துச் சீவினேன். அண்ணன் படத்துக்குப் பல் தெரியச் சிரிப்பான். எனக்கு அது வராது. அன்று சிரித்தேன். கடை முதலாளியிடம் பழைய படம் ஒன்று கிடைத்ததாக அம்மாவிடம் பொய் சொன்னேன்.

நினைவு நாளன்று மழை இருட்டிக்கொண்டு நின்றது. சந்தி முழுக்க வெள்ளைக் கொடிகள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் ஆளுக்கு மாலை போடவேண்டும். எங்கள் முறை வந்ததும் அம்மா மாலையோடு போய் நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். பெற்றவளா ஏமாறுவாள்? கூட்டம் முழுவதும் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பஸ்ஸில் மகளைப் பறிகொடுத்த ஒரு பெண் பக்கத்தில் வந்து, உங்கள் மகனா என்று சிங்களத்தில் கேட்டாள்.

"ஒவ். மகே லொக்கு புத்தா" என்றாள் அம்மா. ஆமாம், என் மூத்த மகன். சொல்லிவிட்டு என் முகத்துக்கு மாலையைப் போட்டாள். அந்தப் பெண் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு அண்ணனைப் பற்றி யாரும் தப்பாகப் பேசவில்லை. என்னிடம் அம்மாவும் பேசவில்லை.

அண்ணனின் வேலையை எனக்குத் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அடுத்த திங்கட்கிழமை பையோடு சந்தியில் நின்றேன். பஸ் வந்து நின்றதும், தோட்டத்திலிருந்து என் பின்னாலேயே இறங்கி வந்திருந்த அம்மா என் சட்டையை எட்டிப் பிடித்தாள்.

"எங்கடா போற? ஒனக்குத்தான் என் கையாலயே மாலை போட்டுட்டேனே."