ஐந்தாவது வாக்கியம்

என் தங்கையைத் தொழிற்சாலையில் எல்லோரும் காஜா என்றுதான் கூப்பிடுவார்கள். சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குப் பெயர் காஜா; அதைப் போடுகிற மெஷினில் இருபது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். நான் அதே லைனின் கடைசியில், செக்கிங் மேசையில். தைத்து வரும் சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். வீட்டில் அதையே நான் ஓசியில் செய்வதாகச் சொல்வாள் அவள்.

சும்மா சொல்லக்கூடாது, அவளைப் பெண் கேட்டு வந்த மூன்று பேரையும் திருப்பி அனுப்பியது நான்தான். ஒருத்தன் பேசும்போது கண்ணைப் பார்க்கவில்லை. ஒருத்தன் ரொம்பவே பார்த்தான். மூன்றாவது ஆள் எங்கள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே நாற்காலி சரியில்லை என்றான். அப்பா அம்மா போன பிறகு அவளுக்கு நான், எனக்கு அவள் என்று ஆகிவிட்டது. இப்போது அவளுக்கு நாற்பத்திரண்டு. ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இப்படி இருக்கும்போதுதான் கம்பெனியில் இங்கிலீஷ் வகுப்பு வந்தது. சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டால் நாங்கள் பேந்தப் பேந்த விழிக்கிறோமாம். மதியம் சாப்பாட்டு அறையில் அரை மணி நேரம். சொல்லிக்கொடுக்க ஆபீஸிலிருந்து ஒரு சின்னப் பெண். இருபத்து மூன்று வயதுக்கு மேல் இருக்காது, எங்களை ‘மேடம்’ என்று கூப்பிட்டே வாயை அடைத்துவிட்டாள். நாலாவது வாரம் ‘கோ ஹேண்ட் இன் ஹேண்ட்’, அதாவது கைகோத்துப் போவது என்று பலகையில் எழுதிப் போட்டாள். ஒன்று இருந்தால் மற்றதும் தானாக வந்து சேரும் இல்லையா, அந்த மாதிரி ஜோடிகளுக்குத்தான் அதைச் சொல்ல வேண்டும். ஆளுக்கு ஐந்து வாக்கியம் எழுதி வெள்ளிக்கிழமை படித்துக் காட்ட வேண்டும்.

அவ்வளவுதான், தொழிற்சாலைக்கே பித்துப் பிடித்துவிட்டது. இஸ்திரி போடுகிறவர்கள் கையை நீட்டிக் காட்டி அயர்ன் பாக்ஸும் கொப்புளமும் கோ ஹேண்ட் இன் ஹேண்ட் என்றார்கள். டீயும் வம்பும் என்றாள் ஒருத்தி. சூப்பர்வைசரும் தலைவலியும் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழ, லேட்டாக வருவதும் வாய்கூசாமல் பொய் சொல்வதும் என்று அவர் பதிலுக்கு விட்டார். வீட்டில் கேட்கவே வேண்டாம். குழாயும் வாளியும், தலையணையும் உறையும் என்று பார்த்ததையெல்லாம் ஜோடி சேர்த்துக்கொண்டிருந்த என் தங்கை, அக்காவும் குறையும் என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

புதன்கிழமை ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எங்கள் லைன் மெக்கானிக்கைப் புதிய யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். திங்கட்கிழமை கிளம்ப வேண்டும், பஸ்ஸில் நாலு மணி நேரம். தனி ஆள், நாற்பத்தைந்து வயது, பத்து கேள்விக்கு ஒரு பதில் சொல்கிற மனிதர். அன்று சாயங்காலம் என் தங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒரே டம்ளரை மூன்று தடவை கழுவினாள். தினமும் பதினோரு மணிக்கு அவள் மெஷின் மட்டும் ஏன் மக்கர் பண்ணுகிறது, அவர் ஏன் பத்து நிமிடம் அதன் பக்கத்தில் குந்தியிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. காலரில் அரை அங்குல நூல் தொங்கினால் கண்டுபிடிக்கிறவள் நான். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அதனால் ஒன்றும் கேட்காமல் போர்வையை இழுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அந்த டீச்சர் பெண் ஒரு விதி போட்டாள். வாக்கியம் நிஜமாக இருக்க வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது ‘ட்ரூ’ என்று சாட்சி சொன்னால்தான் மார்க். என் தங்கை எழுந்து காஜாவும் பட்டனும் என்றாள். ட்ரூ என்று அறையே கத்தியது. ஊசியும் நூலும், ட்ரூ. சம்பளமும் ஒன்றாம் தேதியும், ட்ரூ, ட்ரூ. மழையும் குடையை மறப்பதும் என்றபோது ஒருவர் மேசையைத் தட்டி டம்ளரைக் கவிழ்த்தார்.

ஐந்தாவதற்குக் காகிதத்தைப் பார்க்காமலே நிமிர்ந்தாள்.

“மீ அண்ட் மெக்கானிக் கோ ஹேண்ட் இன் ஹேண்ட்.”

‘மெக்கானிக் அண்ட் ஐ’ என்று பழக்க தோஷத்தில் திருத்திவிட்டு, அந்தப் பெண் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். கடைசி பெஞ்சிலிருந்து மெக்கானிக் மெதுவாக எழுந்தார்.

“அந்த மெஷின்ல ஸ்க்ரூ தானா லூஸ் ஆகாதுங்க. அவங்கதான் தினமும் லூஸ் பண்ணாங்க. மொத வாரமே எனக்குத் தெரியும்.” கொஞ்சம் யோசித்தார். “நானும் ஒரு நாளும் முழுசா முறுக்கல. ட்ரூ.”

அப்புறம் எழுந்த கூச்சலில் கூரை பெயர்ந்திருக்க வேண்டும். வாக்கியத்தில் இருக்கிற ஆளே சாட்சி சொல்லக்கூடாது, வேறு யாராவது சொல்லுங்கள் என்று அந்தப் பெண் கத்தினாள். ஐம்பது வாய்கள் திறந்தன. என் தங்கை கையைக் காட்டி எல்லாவற்றையும் அடக்கினாள்.

“எங்க அக்கா சொல்லட்டும்.”

என் கண் வழக்கம்போல அவரை மேலும் கீழும் மேய்ந்தது. காலர் தேய்ந்திருந்தது. பாக்கெட்டில் கிரீஸ் கறை. பார்க்கலாம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவள் பேசாமல் உட்கார்ந்துவிடுவாள். எத்தனை வருடம் ஆனாலும் அதைப் பற்றி வாயே திறக்க மாட்டாள். காகிதத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

“ட்ரூ,” என்றேன்.

கேட்கவில்லை மேடம், சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“ட்ரூ, ட்ரூ, ட்ரூ. எத்தனை தடவைம்மா சொல்றது? மார்க்கப் போடு.”

பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்து வந்து என் தங்கை என்னைக் கட்டிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, என் தோள் நனைந்தது. நான் போய்ட்டா நீ தனியா என்னக்கா பண்ணுவ என்று காதுக்குள் கேட்டாள்.

“நிம்மதியா இருப்பேன், போடி,” என்றேன்.

நல்லவேளை, அதற்கு யாரும் சாட்சி கேட்கவில்லை.